மேல் இறக்கை

டொக்கும் பால் ஆலையில், செவ்வாய்க்கிழமை மதியம்,
எங்களை இரண்டாகப் பிரித்தார்கள்.

உட்ரெக்டிலிருந்து வந்த பயிற்சியாளர் மேரல்
திரையில் ஒருத்தியைச் சுழலவிட்டாள்.
பனிச்சறுக்குக்காரி. முகமில்லை, முழுக்கக் கறுப்பு,
ஒற்றைக் காலில் ஓயாமல் சுற்றுகிறாள்.
வலஞ்சுழியாகத் தெரிந்தால் நீங்கள் வலது மூளைக்காரர்,
கற்பனை அதிகம், ஜன்னலோரம் போய் நில்லுங்கள்.
இடஞ்சுழி என்றால் இடது மூளை, கணக்கு, ஒழுங்கு,
காபி இயந்திரத்துப் பக்கம் வாருங்கள்.

நாற்காலிகள் தரையில் தேய்ந்தன.
இருபது வருடம் ஒரே மேசையில் ரொட்டி தின்றவர்கள்
சம்பந்திச் சண்டை போல எதிரெதிரே நின்றார்கள்.
டேங்கர் ஓட்டும் ஃபோப்பே மட்டும் எழவில்லை.
"அவள் சுற்றவேயில்லை.
தட்டையான ஒரு கறை அகலமாகிறது, ஒல்லியாகிறது.
சுற்றுவது நீங்கள்தான்."
எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

எனக்கு அவள் இரண்டு பக்கமும் சுற்றினாள்.
பாதத்தைப் பார்த்தால் இப்படி,
கண் சிமிட்டினால் அப்படி.
"ஏதாவது ஒன்று சொல்லுங்கள், கெர்பிரிக்."
வெண்ணெயில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று
நாள் முழுக்க எழுதுகிறவள் நான்.
காபி இயந்திரத்துப் பக்கம் போனேன்.
சட்டையில் ஒரு நீல வட்டம் ஒட்டினாள்.

அங்கே நான் சொல்லாதது:

வீபேயின் தலைக்குள் இரண்டு பாதியையும் இணைத்த பாலத்தை
க்ரோனிங்கனில் வெட்டினார்கள்.
வேறு வழியில்லை. வலிப்பு வரும்போதெல்லாம்
அறுத்த மரம்போல விழுந்துகொண்டிருந்தான்,
படியில், படகுத்துறையில், ஒருமுறை அடுப்பின்மேல்.

அதன்பின் முதல் மாதம்
வலக்கை பொத்தானைப் போடும்,
இடக்கை பின்னாலேயே வந்து அவிழ்க்கும்.
வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்களே,
எங்கள் வீட்டில் நிஜமாகவே தெரியவில்லை.

சோதனை அறையில், திரையின் இடது ஓரத்தில்
ஒரு படம் மின்னி மறைந்தது.
"ஒன்றும் தெரியவில்லை" என்றது வாய்.
இடக்கை பென்சிலைத் தேடி எடுத்து
ஒரு படகு வரைந்தது. பாய்மரம்கூட இருந்தது.
அதை வெகுநேரம் பார்த்துவிட்டு
"நன்றாயிருக்கிறது, யார் போட்டது?" என்று கேட்டான்.
மருத்துவர்கள் குறித்துக்கொண்டார்கள்.
நான் அந்தத் தாளை மடித்து எடுத்து வந்துவிட்டேன்.

ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு.
அப்படித்தான் நடந்துகொண்டேன், ஒத்துக்கொள்கிறேன்.
பேசுகிற பாதியையே கணவன் என்று வைத்துக்கொண்டேன்.
தூக்கத்தில் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது
பேசாத பாதி.

மாலை நாலரை. சைக்கிள். கால்வாய்க் கரை.
மேற்கே காற்றாலை, பக்கவாட்டில், வெறும் கறுப்பாக.
வடக்குக் காற்று வலக் கன்னத்தை அறுக்கிறது,
அப்படியென்றால் ஆலையின் முகம் வடக்கே.
அப்படியென்றால் உச்சிக்கு வரும் இறக்கை
என்னை நோக்கித்தான் சாய வேண்டும்.
கன்னத்துக்கு இது தெரிகிறது.
கண்ணுக்கோ அது என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.
இறங்கி நின்று பார்த்தேன்.
போய்க்கொண்டேயிருந்தது.
மறுபடி ஏறி மிதித்தபின்,
நான் பார்க்காதபோது, திரும்பியிருக்கலாம்.

வீபே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.
இரு கைகளுக்குள்ளும் இப்போது சமாதானம், பெரும்பாலும்.
"என்ன அது, நெஞ்சில்?"
"என் மூளை எந்தப் பக்கமென்று கண்டுபிடித்துவிட்டார்கள்."
சிரித்தான், கத்தியை வைத்துவிட்டு, கண்ணில் நீர் வர.
அதற்குள் இடக்கை, அவனைக் கேட்காமல்,
என் சட்டையிலிருந்து நீல வட்டத்தை உரித்து
எங்கே ஒட்டலாம் என்று
சற்று நேரம் அந்தரத்தில் வைத்திருந்தது.